ரூட்டு இருமல்

பஸ் டிப்போவில் அவரைச் ‘சக்கரம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கண்டக்டர் சீட்டில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஓடும் பஸ்ஸில் முன்னும் பின்னும் நடந்தே இருபத்தாறு வருடம் டிக்கெட் கிழித்தவர். வீட்டிலும் காலில் சுடுதண்ணீரை ஊற்றிக்கொண்ட கதைதான்.

அந்த டிப்போவில் இருமாத கண்டக்டர் கிடையாது. தூசி, புகை, நாள் முழுக்கக் கத்தல். அதற்கு ‘ரூட்டு இருமல்’ என்று அவர்களே பெயர் வைத்து, ஒரு மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். சக்கரம் இரண்டு வாரமாக இருமியதையும் யாரும் பொருட்படுத்தவில்லை. அவரும்தான். பிரசவத்துக்கு வந்து தங்கியிருந்த மகளின் குழந்தைக்கு இருபத்தைந்து நாள்தான் ஆகியிருந்தது. வேலை முடிந்து வந்ததும் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தை அளப்பது அவர் வழக்கம்.

ஒருநாள் பஸ்ஸிலேயே இருமி இருமி மூச்சு வாங்க முடியாமல் கண் பிதுங்கியது. டிரைவர் விடாப்பிடியாகக் கிளினிக்குக்கு இழுத்துப் போனார். மூக்கில் குச்சி விட்டு எடுத்துச் சோதித்தார்கள். இரண்டு நாள் கழித்து நர்ஸ் போன் செய்தார்.

“கக்குவான் இருமல்ங்க. அஞ்சு நாள் மாத்திரை போடணும். வீட்ல கைக்குழந்தை இருக்கா?”

“இருக்கு. ஆனா எனக்குச் சின்ன வயசுலயே ஊசி போட்டாச்சுங்களே!”

“அது இத்தனை வருஷம் தாங்காதுங்க. உடம்புக்கும் மறந்துபோகும். உங்களுக்கு இருமலோட போயிடும், பச்சைக் குழந்தைக்கு மூச்சே நின்னுடலாம். நீங்க இருமினா தெறிக்குது பாருங்க, அதுவே போதும் தொத்திக்க. இன்னைக்கே குழந்தையை டாக்டர்கிட்ட காட்டுங்க. மூணு வாரம் கண்கொத்திப் பாம்பா பாத்துக்கணும்.”

குழந்தைக்கும் வீட்டாருக்கும் மருந்து கொடுத்தார்கள். சக்கரம் மாடி அறைக்குப் போனார். சுவரிலிருந்து சுவருக்கு நடந்தார். கீழே குழந்தை தும்மினால்கூடக் கதவோரம் வந்து காதைத் தீட்டிக்கொண்டார். மகளின் ஏழாம் மாதத்தில் இதே நோய்க்கு ஊசி போடச் சொன்னபோது, கூடவே கூடாதென்று ஒற்றைக்காலில் நின்றவர் அவர்தான். வெட்கமும் பயமும் அவரைப் பிய்த்துத் தின்றன.

நான்காம் நாள் மகள் படிக்கட்டின் அடியில் வந்து நின்றாள்.

“அப்பா, கொஞ்சம் உட்காருங்களேன். நீங்க நடக்கிற சத்தத்துல பாப்பா தூங்கவே மாட்டேங்கிறா.”

“எப்படிம்மா உட்கார்றது? அன்னைக்கு ஊசியைத் தடுத்துத் தொலைச்சேனே!”

“தடுத்தீங்க. நான் போட்டுக்கிட்டேன். திட்டுவீங்கன்னுதான் இத்தனை நாளா வாயைத் திறக்கல.”

மேலே நடை நின்றது.

“எனக்குப் போட்டா, என் உடம்புல உண்டாகிற எதிர்ப்புச் சக்தி தொப்புள்கொடி வழியா பாப்பாவுக்கும் போகுமாம். வரவே வராதுன்னு இல்ல. வந்தாலும் உயிருக்குக் காவல்னு டாக்டர் சொன்னாங்க.”

“யாரு உன்னைக் கூட்டிட்டுப் போனது?”

“நீங்கதான். தைக்கக் குடுக்கப் போறேன்னு உங்க பஸ்ல ஏறினேனே! டெய்லர் கடைக்கு எதிர்லதானே ஆஸ்பத்திரி. நீங்கதான் டிக்கெட் கிழிச்சீங்க. ஒரு ஆளை எழுப்பிவிட்டு எனக்கு சீட்டும் பிடிச்சுக் குடுத்தீங்க.”

மூன்று வாரம் முடிய இன்னும் பதினேழு நாள் இருந்தது. சக்கரம் மாடிப்படியில் பொத்தென்று உட்கார்ந்தார்.