எட்டு மில்லிமீட்டர்

பவள நாற்றங்காலில் அவள் வேலை அறுப்பது. தாய்ப் பவளத் திட்டிலிருந்து ரம்பத்தால் விரல்நுனி அளவு துண்டுகள் எடுத்து, சிமெண்டு வில்லைகளில் ஒட்டி, தொட்டியில் அடுக்குவாள். ஆறு மாதம் கழித்து அளப்பாள். எட்டு மில்லிமீட்டர் வளர்ந்திருந்தால் கடலில் நடவு, இல்லையென்றால் கழிவு. இந்த விதியை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. பதினெட்டு வருடங்களுக்கு முன் அவளே சுவரில் சாக்கட்டியால் எழுதினாள். பிறகு யாரோ அதன்மேல் பெயிண்ட் அடித்து நிரந்தரமாக்கினார்கள்.

ஓய்வுக்கு நான்கு மாதம் இருந்தது. அதற்குள் ஒன்றைப் பார்த்துவிட நினைத்தாள். நட்டவை பானை அளவுக்குப் பெருத்துவிட்டன. இனி அவை தாமாகக் குஞ்சு பொரிக்க வேண்டும். குஞ்சு வந்து ஒட்டுவதற்காகப் பாறையில் வெற்றுக் களிமண் ஓடுகளைக் கட்டி, வருடம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பார்கள். ஆறு வருடமாக ஓட்டில் ஒரு குஞ்சுகூட இல்லை, பாசிதான்.

புதிதாக வந்த ஆராய்ச்சிக்காரிக்குப் படகில் கால் வைத்தாலே வாந்தி. மைக்ராஸ்கோப் முன் உட்கார்ந்தாலோ எழுந்திருக்க மாட்டாள். நட்ட திட்டுகளில் அறுபதிலிருந்து துண்டு கேட்டு வாங்கிப்போனவள், எட்டாம் நாள் தொட்டி அறைக்கு வந்தாள்.

“அக்கா, கொஞ்சம் உக்காருங்க.”

“நின்னே கேட்டுக்கறேன். சொல்லு.”

“அறுபதுல அம்பத்தொம்பது ஆண். ஒண்ணுல சரியா தெரியல.”

ரம்பத்தை நிறுத்தினாள். “பாதிக்குப் பாதி இருக்கும்னு சொன்னாங்களே.”

“வெளியில, தானா வளர்ற திட்டுகள்ல அப்படித்தான் இருக்கு. பெண் திட்டு முட்டைக்குக் கொடுத்தது போக மிச்சத்துலதான் வளருது. வெளித்திட்டுல நான் அளந்தப்ப ஆறு மாசத்துக்கு ஆறு மில்லிமீட்டர். தண்ணி சூடான வருஷம் நாலு. ஆணுக்கு அவ்வளவு குறையல.”

இரண்டு பேரும் சுவரிலிருந்த எட்டைப் பார்த்தார்கள்.

வீட்டில் சொன்னபோது கணவர் தட்டிலிருந்து தலை நிமிர்ந்தார். “பதினெட்டு வருஷமா கடலுக்கடியில ஆம்பளைங்க ஹாஸ்டல் நடத்தியிருக்கே.”

“சாப்பிடுங்க.”

“வார்டன் அம்மா சொன்னா சரி.”

மறுநாள் இதை ஆராய்ச்சிக்காரியிடம் முகம் மாறாமல் சொன்னாள். அவள் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக மன்னிப்புக் கேட்டாள். வெளித்திட்டுகளை நடவுக்காக அறுக்க அனுமதி கிடையாது. தொட்டியிலிருக்கும் தாய்த் திட்டுகளும் இப்போது எட்டைத் தாண்டி வளர்ந்தவைதான். பெண் துண்டுக்கு வேறு வழியும் தெரியவில்லை.

“கழிவையெல்லாம் என்னக்கா பண்ணுவீங்க?”

“படகு ஜெட்டியிலேர்ந்து தண்ணியில போட்டுடுவேன்.”

உயிரோடு இருப்பதைக் குப்பைத்தொட்டியில் போட அவளுக்கு மனம் வந்ததில்லை. அதைப்பற்றி வேறு எதுவும் யோசித்ததுமில்லை.

அன்று மதியமே முக்குளித்தாள். ஜெட்டித் தூண்களின் அடியில், கயிறுகளுக்கும் டயர்களுக்கும் நடுவே வில்லைகள் சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஆணியால் அவள் கீறிய ‘க’. கழிவு. பெரும்பாலானவை போன வருட வெயிலில் வெளுத்துச் செத்திருந்தன. உயிரோடு ஒன்பது கிடைத்தன. அவை முஷ்டி அளவுகூட இல்லை. இரண்டு வாரம் கழித்து மைக்ராஸ்கோப் முடிவு வந்தது: ஆறு பெண், ஒன்று ஆண், இரண்டு தெரியவில்லை.

ஆறையும் பல துண்டுகளாக அறுக்காமல் அப்படியே கொண்டுபோய், பெருத்த திட்டுகளுக்கு நடுவில் நட்டாள். கீறிய எழுத்தை அழிக்கவில்லை. சுவரிலிருந்த எட்டை மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். பெயிண்ட் போக அரை நாள் ஆயிற்று. அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று மேலாளர் கேட்டார். இவளிடம் கேளுங்கள் என்று ஆராய்ச்சிக்காரியைக் கைகாட்டினாள்.

அந்த வருட ஓடுகளிலும் பாசிதான். ஆறும் நட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை; வேறு எதையும் எதிர்பார்ப்பதற்கில்லை.

கடைசி நாள் அளக்கும் காலிப்பரை ஆராய்ச்சிக்காரியிடம் ஒப்படைத்துவிட்டுக் கேட்டாள், “அடுத்த வருஷம் ஓடு எடுக்கறது எந்தத் தேதி?”

“இதே மாசம் இருபது, அக்கா. ஆனா சூடு எப்படி இருக்குமோ. ஆறும் நிக்குமான்னு சொல்ல முடியாது.”

“அதைக் கேக்கல. படகுல எனக்கு ஒரு இடம் வை.”

“அன்னைக்கு அலை இருந்தா?”

“வாந்தி எடுக்கறது நீதானே. நான் வாளி பிடிச்சுக்கறேன்.”