ஃப்ளோரன்ஸ் சொன்ன மன்றாட்டு

ராயபுரத்தில் அந்தத் தெருக்காரர்களைக் கேட்டால், ஜெபம் என்றால் ஃப்ளோரன்ஸ்தான் என்பார்கள். வாயைத் திறந்தால் கோயில் புத்தகத் தமிழ் கொட்டும். "பரிவன்புமிக்க தந்தையே, என் கணவரைப் பராமரிக்கும் பேற்றைத் தந்தீரே, நன்றி" என்று அவள் உருகினால் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பேறாம் பேறு! துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அருள்பிரகாசம் பக்கவாதத்தில் விழுந்து நாலு வருஷம். துடைப்பது, புரட்டுவது, ஊட்டுவது எல்லாம் அவள் ஒருத்திதான். எண்ணூரில் நடந்த தங்கை மகள் கல்யாணத்தைக்கூட ஃபோனில்தான் பார்த்தாள். ஊரோ அவளைப் புனிதை என்றது. புனிதை அலுத்துக்கொள்ளலாமா? ஒரு பாட்டம் அழக்கூட வழியில்லாமல் போயிற்று.

அந்த ஞாயிறு அன்பியக் கூட்டம் அவள் வீட்டு முறை. தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் வீடு மாற்றி வீடு கூடி ஜெபிப்பார்கள். ஒருவர் மன்றாட்டு சொல்ல, மற்றவர்கள் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சேர்ந்து சொல்வார்கள். ஒரே அறை. கட்டிலைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்து, மகனுக்கு வேலை, மருமகளுக்குச் சுகப்பிரசவம் என்று கேட்டு முடித்தார்கள்.

"ஃப்ளோரன்ஸ் அக்கா, நீ சொல்லுக்கா. நீ சொன்னாத்தான் ஜெபம் பண்ணா மாரி கீது" என்றாள் அன்பியத் தலைவி மெர்லின்.

"பரிவன்புமிக்க தந்தையே..." என்று தொடங்கியவள் நின்றுவிட்டாள். காலையில் கணவரைத் தூக்கும்போது பிடித்துக்கொண்ட இடுப்பு விண் விண்ணென்று தெறித்தது. அடுத்த வார்த்தை வரவில்லை. வேறொன்று வந்தது.

"இத பாரு ஏசப்பா, என்னால முடியல. ஒண்ணு, அவர எழுப்பி நடக்க வையி. இல்லாங்காட்டி கூட்டிகினு போயிடு. இப்டி நடுவுல தொங்க வுட்டுகினு கீறியே, உனக்கே நல்லாகீதா?"

மூச்சு வாங்க நிறுத்தினாள். நிறுத்தினால் மன்றாட்டு முடிந்தது என்று கணக்கு. பழகிய வாய்கள் சும்மா இருக்குமா?

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

கணீரென்று சொன்ன பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்று உறைத்தது. மெர்லின் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரும் கட்டில் பக்கம் பார்க்கவில்லை. சுண்டலைக்கூடத் தொடாமல் ஆளுக்கொரு சாக்கு சொல்லிக் கிளம்பிவிட்டார்கள்.

ஃப்ளோரன்ஸுக்கு உடம்பெல்லாம் கூசியது. கட்டில் ஓரம் உட்கார்ந்தாள்.

"மன்ச்சுக்கய்யா. வலி தாங்காம ஒளறிட்டேன்."

அருள்பிரகாசம் கோணிய வாயை ஒருவழியாகத் திருத்திக்கொண்டார்.

"நானும்... அத்தாம்மே... தெனம் கேக்கறேன்."

"எத்த?"

"கூட்டிகினு... போவச் சொல்லி."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடப்பாவி! என்ன வுட்டுட்டுப் போறதுக்கா? நீ பூட்டா நான் யார் கூடய்யா கீறது?" என்று அவர் மார்பில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அடித்த இடத்திலேயே முகத்தை வைத்து அழுதாள். நிமிர்ந்தபோது சுவரில் இருந்த இயேசு படம்தான் முதலில் கண்ணில் பட்டது. அதனிடம் திரும்பினாள்.

"இத பாரு, அவரு கேட்டதயும் கேக்காத, நான் கேட்டதயும் கேக்காத. ஆனா என்னால முடியல. அத்த மட்டும் கேளு."