திரைக்குப் பின்னால் நின்ற அரசி

ஒரு தாய் தன் பிள்ளையின் குரலை அடையாளம் கண்டு எழுந்து நின்றபோது, அது அவள் பிள்ளையே இல்லை என்று பொய் சொன்னவள் நான். தெரிந்தே சொன்னேன். ஊர் நடுவே சொன்னேன்!

இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்வதும் மன்னிப்புக் கேட்பதற்கு அல்ல. "சேவை செய்யிற பிள்ளை" என்று கோயில் முற்றத்தில் என்னைப் புகழ்கிறார்களே... கேட்கக் கேட்க எரிச்சல் வருகிறது. அதனால் சொல்கிறேன்.

நான் வங்காலைக்காரி. மன்னாரில் ஒரு கந்தோரில் எழுத்தர் வேலை. சனிக்கிழமைகளில் பாப்பாமோட்டைப் பக்கம் ஒரு குடியிருப்புக்கு ஸ்கூட்டியில் போய்ப் பிள்ளைகளுக்குக் கூத்துப் பழக்குவேன். சம்பளம் கிடையாது. வயல்காரர் வீட்டுப் பிள்ளைகளும், மலையகத்திலிருந்து வந்து குடியேறிக் கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகளும் ஒரே பாயில் இருந்து பழகினார்கள். பள்ளிக்கூடத்துக்கு வெளியே அந்த ஊரில் வேறெங்கும் நடக்காத காரியம் அது. இடம் தந்தவர் நெல் மில்காரர். அவருடைய கொட்டிலை விட்டால் எங்களுக்கு வேறு கூரை இல்லை.

அரசி வேடத்துக்குச் சுகந்தியைத் தெரிந்தெடுத்தேன். அவள் தாய் மில்காரரின் வயலில் களை பிடுங்குபவள். சுகந்தி பாடத் தொடங்கினால் குழப்படிக்காரப் பிள்ளைகளும் அடங்கிவிடுவார்கள்... அப்படி ஒரு குரல்!

அரங்கேற்றம் நெருங்கியபோது மில்காரர் வந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"டீச்சர், கொட்டில் என்ர. என்ர பிள்ளையும் இதிலதான் பழகிறாள். அரசிக்கு ஆர் நிக்கிறது எண்டு நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேணுமோ?"

அவர் மகள் துவாரகா நல்ல பிள்ளை. பாட்டு மட்டும் அவளுக்கு வராது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பட்டுச் சேலையைத் துவாரகாவுக்கு உடுத்தினேன். சுகந்தியைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி, மைக்கை அவள் கையில் கொடுத்தேன்.

"பிற்பாட்டும் கூத்துத்தான் பிள்ளை. வீட்டில ஒண்டும் சொல்லாதை."

பிற்பாட்டு என்பது மேடையில் நிற்பவர் பாடியதை ஓரத்தில் நின்று வாங்கிப் பாடுவது. ஒருத்தி வாயசைக்க இன்னொருத்தி ஒளிந்து பாடுவது பிற்பாட்டா? அல்ல. அது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்!

அரங்கேற்றத்தன்று கொட்டில் நிரம்பியிருந்தது. அரசியின் பாட்டுத் தொடங்கியதுதான் தாமதம், பின்வரிசையில் சுகந்தியின் தாய் எழுந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஐயோ, அது எம் புள்ள கொரலுங்க! எம் புள்ள பாடுது!"

சனம் முழுதும் திரும்பிப் பார்த்தது. முன்வரிசைக் கதிரையிலிருந்து மில்காரர் என்னைப் பார்த்தார். நான் மேடையோரத்தில் கைத்தாளத்தோடு நின்றேன்.

"இல்லையம்மா, துவாரகாதான் பாடுறா. இருங்கோ."

சனம் சிரித்தது. அந்தத் தாய் மறுபடி இருந்துவிட்டாள். திரைக்குப் பின்னால் சுகந்திக்கு எல்லாம் கேட்டிருக்கும்... ஆனாலும் அவள் பாட்டை நிறுத்தவில்லை. கடைசி வரி வரை பாடினாள். கைதட்டல் துவாரகாவுக்குக் கிடைத்தது.

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? சொல்லுங்கள்! கொட்டிலைப் பூட்டவிட்டு, அத்தனை பிள்ளைகளையும் வீட்டுக்கு அனுப்பியிருப்பீர்களா? இன்றும் அங்கே கூத்துப் பழகுகிறார்கள். இன்றும் ஒரே பாயில் இருக்கிறார்கள். என் பொய்யால்தான் இருக்கிறார்கள். இதை யார் முன்னாலும் சொல்வேன்... அந்தத் தாயின் முன்னால்?

சுகந்தி அதற்குப் பிறகு வரவில்லை. அவள் வீட்டுக்குப் போனேன். அடுத்த கூத்தில் நீதான் அரசி என்று சொல்லத்தான் போனேன், மன்னிப்புக் கேட்க அல்ல. தாய் முற்றத்தில் விறகு கொத்திக்கொண்டிருந்தாள். சுகந்தி கதவோரம் நின்றாள்.

"சுகந்தியை அனுப்புங்கோ அம்மா. அவளின்ர குரல் எங்களுக்கு வேணும்."

தாய் கத்தியைக் கீழே வைத்தாள். கோபப்படவில்லை. மரியாதையாகவே சொன்னாள்.

"அன்னைக்குப் பாடுனது எம் புள்ள இல்லேன்னு நீங்கதானே சொன்னீங்க டீச்சர். பாடுன புள்ள யாரோ, அதையே கூட்டிக்கிட்டுப் போங்க."

ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆனாலும் நான் நிறுத்தவில்லை! ஒவ்வொரு சனிக்கிழமையும் போகிறேன், இனியும் போவேன். அவள் வீடு இருக்கும் ஒழுங்கை வழியே மட்டும் போவதில்லை.