எந்தப் பங்கு?

ரெஜினா அக்காவின் மகள் போன் செய்தபோது, கணபதி ஏரியாவில் எங்கள் மோட்டார் பட்டறையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். அம்மா போய்விட்டார் என்றாள். அதோடு சேர்த்தே, "ஃபாதர் எந்தப் பங்குன்னு கேக்கறாருங்க அக்கா. நான் என்னன்னு சொல்றதுங்க?" என்றாள். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அக்காவுக்கு ஏன் பங்கு, தன்னுடையது என்று சொல்ல ஒரு கோயில், இல்லாமல் போனது என்பது எனக்குத் தெரியும்.

பட்டறையில் பத்துப் பன்னிரண்டு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் சுற்றினோம். கைதானே வேலை செய்கிறது, செபமாலை சொல்லிக்கொண்டே சுற்றலாமே என்று ஒருநாள் கேட்டேன். அக்கா கம்பியை நிறுத்தாமல் சொன்னார்: "அருள் நிறைந்த மரியே எத்தனையாவதுன்னு எண்ணுவேனா, சுத்து எத்தனையாவதுன்னு எண்ணுவேனா கண்ணு? மாதா பொறுத்துக்குவாங்க. மோட்டார் எரிஞ்சு போயிருமுங்க." அதனால் வாரம் முழுவதற்கும் சேர்த்து அவருக்கு இருந்தது ஞாயிற்றுக்கிழமைப் பூசை மட்டும்தான்.

வீட்டில் அவருக்குக் கஷ்டம் இருந்தது. ஒரு மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே என்னிடம் சொன்னார். என்ன சொன்னார் என்று இங்கே எழுதப் போவதில்லை.

அந்த வாரம் அன்பியக் கூட்டம் என் வீட்டில் நடந்தது. எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அந்தக் கூட்டத்துக்கு நான்தான் பொறுப்பாளர். மன்றாட்டு நேரத்தில் ஒருவர் மழைக்காகக் கேட்டார், ஒருவர் மகனின் பரீட்சைக்காகக் கேட்டார். என் முறை வந்ததும் ரெஜினா அக்காவின் வீட்டுக்காகக் கேட்டேன். பெயரைச் சொல்லி, விவரத்தைச் சொல்லி, குரல் தழுதழுக்கக் கேட்டேன். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நன்றாகச் செபித்தோம் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது, வெட்கக்கேடு. அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் காபிக்கு நிற்காமல் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் பட்டறையில் ஒன்றுதான் சொன்னார்: "நான் உங்ககிட்டத்தானுங்க சொன்னேன் அம்மணி. கடவுளுக்கு அது முன்னாடியே தெரியுமுங்க."

அதன்பிறகு அக்கா எங்கள் கோயில் படியை மிதிக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு பங்குக்குப் போனார். டவுனில் தெரிந்த முகங்கள் தென்பட ஆரம்பித்ததும் பஸ் பிடித்துக் காங்கேயம், தாராபுரம் என்று போனார். இந்த அம்மா ஊர் சுற்றுகிறாள் என்று நம் அன்பியத்தில் நாம்தான் பேசினோம். நானும் சேர்த்தி.

மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று ஒருமுறை தாராபுரத்துக்கு அக்காவோடு ஒட்டிக்கொண்டு போனேன். வாசலோரக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நற்கருணை வாங்கி வந்தபின் அக்கா தன் பாட்டுக்கு அழுதார். பூசை முடிந்ததும் ஓர் அம்மா அன்பாக வந்து எந்தப் பங்கு என்று விசாரித்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்று சிரித்துவிட்டு அக்கா நடையைக் கட்டினார். பஸ்ஸில் என்னிடம் சொன்னார்: "காங்கேயத்துல ஃபேன் இதவிட நல்லா ஓடுமுங்க. ஆனா எங்க போனாலும், அழுதா ஏன்னு கேக்க ஆளில்லீங்க. அவரு மட்டும் பாத்துக்கிட்டிருக்காரு. எனக்கு ஒரு வாரத்துக்கு அது போதுமுங்க." சொல்லிவிட்டு ஜன்னலில் சாய்ந்து தூங்கிப்போனார். நான் கேட்க வந்ததைக் கேட்கவில்லை.

பிறகு எங்கள் பங்கில் குடும்பப் பதிவேட்டைப் புதிதாக எழுதினார்கள். வீடு வீடாகப் போய்ப் பெயர் வாங்கியது நான்தான். அக்காவின் வீட்டுக்குப் போக முகமில்லை. அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். இப்போது கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டு நான் போனபோது, பதிவேட்டில் பெயர் இல்லையே என்றார் பங்குத்தந்தை. "உங்க தெரு லிஸ்ட் நீங்கதானே குடுத்தீங்க?" என்றும் கேட்டார். எத்தனையோ பங்குகளில் முழங்காலிட்டவரைப் பொது மயானத்தில் அடக்கம் செய்தோம். கோயிலில் செபம் சொல்லித்தரும் உபதேசியார் மட்டும் தானாக வந்து செபம் சொன்னார். அவருக்கு என் நன்றி.

போன வாரம் அன்பியத்தில் நீங்கள் எல்லோரும் அக்காவுக்காக மன்றாட்டு சொல்லச் சொன்னீர்கள். நீங்க சொன்னா உருக்கமா இருக்குமுங்க என்றீர்கள். நான் ரெஜினா என்ற பெயரை மட்டும் சொல்லி நிறுத்தினேன். மேலே ஏதாவது வரும் என்று எல்லோரும் காத்திருந்தீர்கள்.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த மதியம் அவர் சொன்ன விஷயம் ஒன்றுதான். அவர் அதை என் ஒருத்தியை நம்பித்தான் சொன்னார். இனி அதைக் கடவுளிடம்கூட வாய்விட்டுச் சொல்ல மாட்டேன். அன்று என் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் தயவுசெய்து அதை மறந்துவிடுங்கள்.