பகவதிப்பெருமாளின் ஒற்றைத் தும்மல்

திருவனந்தபுரம் சாலை பஜாரில் பகவதிப்பெருமாள் பிள்ளையின் மிளகாய் வற்றல் கடைக்கு வருகிறவர்கள் வணக்கம் சொல்வதற்கு முன்பே தும்மிவிடுவார்கள். மூட்டை இறக்குகிறவர்கள் மூக்கைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைவார்கள். அந்த வாசலைத் தாண்டும்போது பசுமாடுகூட நடையை எட்டிப் போடும். இத்தனை நெடிக்கும் நடுவில் பிள்ளை மட்டும் வெள்ளை வேட்டியும் சந்தனக் கீற்றுமாக, பூஜை அறையில் உட்கார்ந்திருப்பவர்போல் அமைதியாக உட்கார்ந்திருப்பார். முப்பத்திரண்டு வருட வியாபாரத்தில் அவர் ஒருமுறைகூட வற்றலுக்குத் தும்மியதில்லை. கண்கூடக் கலங்கியதில்லை.

"மூக்குன்னா இது மூக்கு," என்று தன் மூக்கைத் தொட்டுக் காட்டுவார். "மத்தவனுக்கெல்லாம் மூஞ்சியில ரெண்டு ஓட்டை, அம்புட்டுதான்."

அந்த மூக்கைத்தான் ஒரு பூனைக்குட்டி தோற்கடித்தது.

தொண்ணூற்றேழாம் வருடத்து மழைக்காலம். பிள்ளையின் ஒரே மகள் திவ்யலட்சுமி எம்.காம். முடித்துவிட்டு ஒரு ட்யூட்டோரியலில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு மாலை, மழையில் நடுங்கிய ஒரு வெள்ளைக் குட்டியைத் துப்பட்டாவில் பொதிந்து மணக்காட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அம்மிணி என்று பெயரும் வைத்துவிட்டாள். என்ன அது என்று அப்பா குனிந்து பார்த்தார். அவ்வளவுதான். ஒன்று, இரண்டு, ஐந்து, ஏழு என்று தும்மித் தீர்த்தார். ஓட்டில் இருந்த காக்கைகள் பறந்தன.

பூனையால் தும்முவதாக ஒப்புக்கொள்ள அவருடைய தன்மானம் இடம் கொடுக்கவில்லை. மழை என்றார். மின்விசிறித் தூசி என்றார். மனைவி முத்தாரம்மாள் போட்ட தாளிப்பு என்றும் ஒருநாள் சொல்லிப் பார்த்தார்.

"வத்தல் மூட்டைக்குள்ள தலைய விட்டாலும் தும்மாத மனுசன், என் கடுகுக்குத் தும்முகியளாக்கும்?" என்றாள் முத்தாரம்மாள். பிறகு கையோடு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள்.

டாக்டரம்மா மூக்கில் டார்ச் அடித்துப் பார்த்தார். "பூச்சையோட ரோமம்தான் பிரச்சனை. அலர்ஜி" என்றார். பூனையைத் திருவனந்தபுரத்தில் பூச்சை என்றுதான் சொல்வார்கள்.

பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. "டாக்டரே, நான் சாலையில வத்தல் வியாபாரி ஆக்கும்."

"ஆயிக்கோட்டே, இருக்கட்டும். அது மூக்குக்குத் தெரியணுமில்லே?"

டாக்டரம்மா கொடுத்த மாத்திரை தும்மலை நிறுத்தியது. கூடவே பிள்ளையின் நினைவையும் நிறுத்தியது. மறுநாள் கடையில் குண்டு வற்றல் கேட்டு வந்தவர், மூட்டையில் சாய்ந்து வாய் திறந்து உறங்கும் முதலாளியை எழுப்ப மனமில்லாமல் எதிர்க்கடைக்குப் போய்விட்டார். பிள்ளை மாத்திரையை அன்றோடு தலை முழுகினார்.

இதெல்லாம் போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் அந்த வருடம்தான் திவ்யலட்சுமிக்கு வரன் வரத் தொடங்கியது. விதி விளையாட ஆரம்பித்தால் அது பூனை உருவில் வரும் என்று யார் கண்டார்கள்!

நல்ல பேச்சு நடக்கும்போது ஒற்றைத் தும்மல் விழுந்தால் தடை. கூடவே இன்னொன்று விழுந்து இரட்டையாகிவிட்டால் சுபம். இது நாஞ்சில் நாட்டு வீடுகளில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பிள்ளையின் துரதிர்ஷ்டத்தை என்ன சொல்ல! பூனை பக்கத்தில் இருந்தால் அடுக்கடுக்காகத் தும்முவார். பூனை இல்லாமல், அதன் ரோமம் மட்டும் எங்கிருந்தாவது பறந்து வந்தால் ஒரே ஒரு தும்மல். கெஞ்சினாலும் அடுத்தது வராது.

முதலில் வந்தது சுசீந்திரத்துக்காரர்கள். "தேதி பாப்பமா?" என்று பையனின் தகப்பனார் கேட்ட அதே நொடியில் பிள்ளை தும்மினார். அவர்கள் காப்பியை மட்டும் குடித்துவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுவதாகச் சொல்லிப் போனார்கள். இரண்டாவதாக வந்தவர்கள் காப்பியையும் குடிக்கவில்லை.

பெற்ற வயிறு பொறுக்குமா? முத்தாரம்மாள் அழுதாள். பிள்ளை ஒரு முடிவுக்கு வந்தார். மகள் ட்யூட்டோரியலுக்குப் போன நேரத்தில் அம்மிணியைக் கட்டைப்பையில் போட்டு, கடையில் மூட்டை தூக்கும் தங்கப்பனிடம் கொடுத்தார். தங்கப்பனுக்கு வீடு விழிஞ்ஞத்தில், கடற்கரையை ஒட்டி.

"விஷமிக்காதீங்க முதலாளி, கவலையே வேண்டாம். பூச்சைக்கு அங்க தினமும் ஓணசத்ய விருந்துதான்," என்றான் தங்கப்பன்.

திவ்யலட்சுமி திட்டவில்லை, அழவில்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்து, சோற்றை ஒருமுறை பிசைந்துவிட்டு, கை கழுவிக்கொண்டு எழுந்தாள். அடுத்த வேளையும் அப்படியே. மூன்றாம் வேளை அவள் தட்டை எடுக்கும் முன்பே பிள்ளை சட்டையை மாட்டிக்கொண்டு விழிஞ்ஞத்துக்குப் பஸ் ஏறிவிட்டார்.

அங்கே போனால், வலை உலர்த்துகிற இடத்தில் வெள்ளைப் பூனைகள் மட்டுமே பத்துக்குமேல்! பிள்ளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் தும்மினார். மீன்காரப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் எங்கிருந்தோ வந்த ஒரு பூனை அவர் காலில் முகத்தைத் தேய்த்தது. விழிஞ்ஞத்திலிருந்து கிழக்கேகோட்டை வரை அதை மடியில் வைத்துத் தும்மிக்கொண்டே வந்தார். பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம். ஆனாலும் பிள்ளையின் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை.

வாசலில் பையை வாங்கிக்கொண்ட மகள், அப்பாவின் வீங்கிய மூக்கைப் பார்த்து உருகிப்போனாள். "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்கப்பா. எனக்குக் கல்யாணம் ஆச்சுன்னா இவளையும் கூட்டிட்டே போயிருதேன்."

அன்றிலிருந்து பிள்ளை மகளின் கல்யாணத்துக்கு இரட்டிப்பாகப் பாடுபட்டார்.

மூன்றாவது வரனை முத்தாரம்மாளின் தம்பி தாணுமாலையன் கொண்டுவந்தான். நாகர்கோவில் பையன், பத்மகுமார், பேங்க் வேலை. "அத்தான், இதுவும் போச்சுன்னா இனி நான் வரன் பாக்க மாட்டேன். மூக்குக்கு வைத்தியம்தான் பாப்பேன்," என்று சொல்லிவிட்டான். முந்தைய இரண்டு போட்டோக்களையும் திவ்யலட்சுமி ஏறெடுத்தும் பார்த்ததில்லை. இந்தப் போட்டோவை மட்டும் வருமானவரிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். தாய்க்கு அது போதாதா?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வீடே கழுவப்பட்டது. திரைச்சீலை மாறியது. அம்மிணி பக்கத்து வீட்டு ஓமனாவிடம் போனாள். மாத்திரை போட்டுக்கொள்ளச் சொன்ன மனைவியைப் பிள்ளை முறைத்தார். "சம்பந்தக்காரங்க முன்னால குறட்டை விட்டா அது என்ன சகுனம்?"

பத்மகுமாரும் அவன் தாயார் விஜயலக்ஷ்மியும் தாய்மாமன் நீலகண்டனும் வந்தார்கள். நீலகண்டன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு தேன்போல் நடந்தது. காப்பி கொண்டுவந்த திவ்யலட்சுமியும் பத்மகுமாரும் ஒருவரையொருவர் ஒரு விநாடி பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் காப்பியைப் பார்த்தார்கள்.

"எங்களுக்குப் பொண்ணப் பிடிச்சிருக்கு. வெத்திலத் தட்டு மாத்திரலாமே," என்றாள் விஜயலக்ஷ்மி.

முத்தாரம்மாள் பீரோவிலிருந்து சிவப்பு வெல்வெட் துணியை எடுத்து விரித்து, அதன்மேல் தட்டை வைத்தாள். அந்தப் பீரோவுக்குள் ஒருத்தி மத்தியானத் தூக்கம் போடுவது வழக்கம் என்பது பாவம் அவளுக்குத் தெரியாது. பிள்ளை தட்டை எடுக்கக் குனிந்தார்.

"அச்!"

ஒன்று. ஒரே ஒன்று.

விஜயலக்ஷ்மியின் கை தட்டிலிருந்து மெல்லப் பின்வாங்கியது. தாணுமாலையன் கண்ணை மூடிக்கொண்டான். வாசற்படியில் நின்ற திவ்யலட்சுமியின் முகத்தில் இருந்த வெளிச்சம் அணைந்தது. ஐயோ, அந்த முகத்தைப் பார்க்கவா ஒரு தகப்பன் உயிரோடு இருப்பது!

நீலகண்டன்தான் கையைத் தூக்கினார். "யாரும் எந்திரிக்காதீங்க. இன்னொண்ணு வந்துட்டுன்னா ரெட்டை. வேய் சம்பந்தி, ஒண்ணு போடும்!"

ஆறு பேரின் கண்களும் பிள்ளையின் மூக்கில் குவிந்தன. அவர் தலையை அண்ணாந்து பார்த்தார். ஜன்னல் வழியே சூரியனைப் பார்த்தார். தாணுமாலையன் அடுக்களைக்கு ஓடி மிளகாய்ப் பொடி டப்பாவைக் கொண்டுவந்து மூக்கடியில் பிடித்தான். பிள்ளை ஆழமாக இழுத்தார்.

"நல்ல விருதுநகர் சரக்கு," என்றார்.

தாணுமாலையனுக்குத்தான் இருமல் வந்தது.

விஜயலக்ஷ்மி கைப்பையைத் தேடினாள். அப்போது வாசற்படியில் திவ்யலட்சுமி இல்லை. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓமனாவின் வீட்டுக்கு ஓடியவள், போன வேகத்திலேயே திரும்பினாள். கையில் அம்மிணி. பின்னாலேயே ஓமனா. "அய்யோ மோளே, பெண்ணுகாணலுக்கு எதுக்கு பூச்சை?"

"அடிப் பாவி மவளே!" என்றாள் முத்தாரம்மாள்.

திவ்யலட்சுமி யாரையும் பார்க்கவில்லை. பூனையை அப்பாவின் மடியில் வைத்தாள். "அப்பா, எனக்காக," என்றாள்.

"அச்!"

"ரெண்டு! ரெட்டை! சுபம்!" என்று கூவினார் நீலகண்டன்.

"அச்!"

"மூணு," என்றார், குரல் இறங்கி.

"நாலு! போதும் சம்பந்தி, நிறுத்தும்!"

நிறுத்த முடிகிற காரியமா அது? ஐந்துக்கு எல்லோர் முகமும் தொங்கியது, ஆறுக்கு மலர்ந்தது. ஒன்பதில் ஓமனா பகவதியைக் கூப்பிட்டாள். பதினொன்றில் பூனைக்கே பொறுக்காமல் மடியிலிருந்து குதித்தது. தும்மல் நின்றது.

"பதினொண்ணு," என்றார் நீலகண்டன் வேதனையோடு. அவர் எண்ணிக்கை இருபத்தெட்டு வருட சர்வீசில் பிசகியதில்லை.

அம்மிணி அறையைச் சுற்றிப் பார்த்தாள். நடந்தாள். நேராகப் போய்ப் பத்மகுமாரின் மடியில் ஏறி உட்கார்ந்தாள். அவன் உடம்பு விறைத்தது. ஆனால் திவ்யலட்சுமி பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல, ஒரு விரலால், பூனையின் தலையைத் தடவினான்.

"அச்சூ!"

"பன்னெண்டு!" நீலகண்டன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"அண்ணாச்சி, நம்ம பையன் தும்மினது கணக்குல சேருமா?" என்று கேட்டாள் விஜயலக்ஷ்மி.

"பின்ன? ரெண்டு குடும்பம் ஒண்ணாகப் போவுது. தும்மல மட்டும் தனித்தனியா வைக்கவா? சீக்கிரம் தட்ட மாத்து, அவன் மூக்கு மறுபடியும் துடிக்கு!"

பத்மகுமார் பதின்மூன்றாவதை இரு கையாலும் பொத்திப் பிடித்திருக்க, முத்தாரம்மாள் பூனையை அள்ளிக்கொண்டு ஓட, தட்டு மாறியது. விஜயலக்ஷ்மி சிரிக்கத் தொடங்கியவள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

சிரிப்பு ஓய்ந்தபின் பத்மகுமார் கைக்குட்டையோடு மெல்லச் சொன்னான். "மாமா, எனக்குச் சின்னதிலேருந்தே பூனை ஆகாது. வீட்டுல ஒண்ணு இருந்தா ராத்திரி மூச்சு இழுக்கும்."

பிள்ளையின் முகம் விழுந்தது. திவ்யலட்சுமி அடுக்களைப் பக்கம் பார்த்தாள், பத்மகுமாரைப் பார்த்தாள். ஒரு பெண்ணின் வாழ்க்கையில் இப்படி ஒரு கணம் வரக்கூடாது. பிறகு தகப்பனிடம் வந்து, "அம்மிணி உங்ககிட்டயே இருக்கட்டும்ப்பா," என்றாள். குரல் தழுதழுத்தது. பிள்ளைக்கும் தழுதழுத்தது, வேறு காரணத்துக்காக.

ஆவணியில் கல்யாணம் முடிந்தது. தம்பானூர் ஸ்டேஷனில் மகளை வழியனுப்பும்போது முத்தாரம்மாள் ரயிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிள்ளை மட்டும் நிமிர்ந்து நின்று கையசைத்தார். "வத்தல் கடைக்காரருக்குக் கண்ணீரும் வத்திப்போச்சு போல," என்று தாணுமாலையன் கேலி செய்தான்.

ஒரு வாரம் கழித்து ஓமனா மதில் அருகே வந்தாள். "சேச்சீ, பூச்சையை எனக்குத் தந்துடுங்க. சேட்டனுக்கும் சுகமாகும். ரெண்டு நாளா அது என் வீட்டுலதானே கிடக்கு." நல்ல யோசனையாகத்தான் பட்டது. கணவரிடம் சொல்ல முத்தாரம்மாள் உள்ளே வந்தாள்.

பிள்ளை மகளின் அறையில், அவளுடைய மேசையருகே உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்து வழிந்துகொண்டிருந்தன. தோளில் கிடந்த துண்டு நனைந்திருந்தது. மனைவியைக் கண்டதும் அவசரமாகத் துடைத்தார்.

"இந்தச் சவத்துப் பூனையால கண்ணெல்லாம் எரியுது பாத்தியா," என்றார். "இப்பதான் எந்திரிச்சுப் போச்சு."

முத்தாரம்மாள் அவரையே பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள். மதிலருகே போய், பூனை இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லி, கை நீட்டி வாங்கிக்கொண்டாள். திரும்பி வந்து அம்மிணியைக் கணவரின் மடியில் வைத்துவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

உள்ளே தும்மல் ஆரம்பித்தது. அவள் எண்ணவில்லை.