நான்கு மணி வயர்லெஸில் முப்பது பேர்

அரசாங்கத்துக்கு யோசனை சொல்வது திருவொற்றியூரில் யாரும் செய்கிற காரியம்தான். டீ ஆறுவதற்குள் தொழில்துறை, போக்குவரத்து, மின்சாரம் மூன்றையும் சீர்செய்துவிட்டு எழுந்து போகிறவர்கள் ஒவ்வொரு முக்கிலும் உண்டு. ஆனால் அரசாங்கமே அழைத்து, சொன்ன யோசனையைக் கேட்டும் நடந்தது என்றால், எனக்குத் தெரிந்து ஜெயஸ்ரீ விஷயத்தில் மட்டும்தான். அவளையும் யோசனைக்காக அழைக்கவில்லை. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நாற்காலிகள் காலியாகத் தெரியக் கூடாது என்று அழைத்திருந்தார்கள்.

ஜெயஸ்ரீக்கு இருபத்தொன்பது வயது. விசைப்படகில் கடலுக்குப் போனவரின் மகள், பி.காம். படித்தவள். அரசுத் திட்டத்தில் நடக்கும் ஒரு திறன் பயிற்சி மையத்துக்கு இளைஞர்களைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பது அவள் வேலை. ஊரில் எல்லோருக்கும் நிலையான வேலைக்கு வழி காட்டுகிற அவளுக்கு இருப்பது பதினோரு மாத ஒப்பந்தம். யாராவது இதைக் கிண்டல் செய்தால், “பல்லு டாக்டருக்குப் பல்லு வலிக்கக் கூடாதா இன்னா?” என்பாள்.

மையத்தில் டீசல் எஞ்சின் வகுப்பு ஒன்று உண்டு. எண்ணூர்ப் பக்கத்து துறைமுகச் சரக்கு யார்டுகளில் ஜெனரேட்டர் பார்க்கவும் கிரேன் பார்க்கவும் ஆள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட்கிற அதே மூச்சில் சான்றிதழும் கேட்கிறார்கள். குப்பத்துப் பையன்களுக்கு எஞ்சின் தெரியும், சான்றிதழ் கிடையாது. மையத்திலோ சான்றிதழ் அச்சடித்துத் தயாராக இருந்தது, பையன்கள் கிடையாது. ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்று வந்து இறங்கி ஒரு வருடமாகியும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமல் மணப்பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது.

போன வருடம் மே மாதம் கணக்கெடுப்பு நடத்தினார்கள். கரையோரம் முழுக்க இளைஞர்கள் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ‘பத்தில் ஏழு பேருக்கு வேலையில்லை’ என்று அறிக்கை எழுதப்பட்டது. ஜெயஸ்ரீ பத்து நாளில் நூற்றுப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக் கைதட்டல் வாங்கினாள். ஜூன் பதினாறாம் தேதி வகுப்பு தொடங்கியது. வந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவன் கால் உடைந்தவன்.

இந்த வருடம் ஏப்ரல் எட்டாம் தேதி, புதன்கிழமை, அந்தக் கருத்துக் கேட்புக் கூட்டம். டை கட்டிய ஆலோசகர் ஒருவர் திரையில் காட்டினார்: ‘வட சென்னைக் கடலோர இளைஞர்களிடம் ஆர்வமின்மை.’ அடுத்த படத்தில் பரிந்துரை: மையத்தை மூடிவிட்டு, எஞ்சினை வேறு மாவட்டத்துக்கு அனுப்பலாம். கடைசி வரிசையில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த ஜெயஸ்ரீ எழுந்து நின்றுவிட்டாள். எழுந்த பிறகுதான் வாயில் பிஸ்கட் இருப்பது தெரிந்தது.

“ஆர்வம் இல்லன்னு சொல்லாதீங்க சார். அவங்க கடல்ல இருந்தாங்க.”

அறை திரும்பிப் பார்த்தது. தலைமை வகித்தவர் இணை இயக்குநர் ஷெர்லின். தூத்துக்குடிப் பக்கத்து வணிகக் குடும்பம். சரக்கைப் பார்க்காமல் விலை பேசாத வீட்டில் பிறந்தவர்.

“என்ன சொல்றீங்க? விளக்கமாச் சொல்லுங்க.”

“ஏப்ரல் பதினஞ்சுல இருந்து ஜூன் பதினாலு வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம் மேடம். அறுபத்தோரு நாள் எந்த விசைப்படகும் கடலுக்குப் போகாது. நீங்க வந்து பாத்தது அப்ப. எல்லாரும் சும்மாதான் இருந்தாங்க. கிளாஸ் ஆரம்பிச்சது தடை முடிஞ்ச ரெண்டாம் நாள். எல்லாரும் போட்டுல ஏறிட்டாங்க. ஆள் இருக்கறப்ப கணக்கெடுத்தோம், ஆள் போனப்புறம் பாடம் நடத்துனோம்.”

ஆலோசகர் டையைத் தளர்த்திக்கொண்டார். ஷெர்லின் மட்டும் விடவில்லை.

“நீங்க அந்த ஊர்தானே? போன வருஷமே இது உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும் மேடம்.”

“பின்னே ஏன் சொல்லலை?”

“படிவத்துல அதுக்குக் கட்டம் இல்ல மேடம்.” கொஞ்சம் நிறுத்தி, “கைதட்டுனாங்க. நல்லா இருந்துச்சு,” என்றாள்.

யாரோ சிரித்தார்கள். ஷெர்லின் சிரிக்கவில்லை. “சரி, எப்ப ஆரம்பிக்கலாம்?” என்றார்.

“பதினேழாம் தேதி. பதினஞ்சு மீன் எறக்க, பதினாறு தூங்க. ஐம்பது நாள் பாடம், தடைக்குள்ளயே முடிஞ்சிடும்.”

ஷெர்லின் நாட்காட்டியைப் பார்த்தார். “வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள முப்பது பேர் சம்மதம் சொல்லணும். பதினேழாம் தேதி காலையில நானே வருவேன். முப்பது பேர் இருந்தா மையம் இருக்கும். இல்லேன்னா எஞ்சினோட லாரி கிளம்பும்.”

வெளியே வந்து மின்சார ரயிலில் ஏறிய பிறகுதான் ஜெயஸ்ரீக்கு உறைத்தது. தடைக்கு முந்தைய கடைசி நடை. படகுகள் எல்லாம் கடலில். சம்மதம் சொல்ல வேண்டியவர்கள் கரையிலிருந்து எத்தனையோ மைல் தள்ளி, செல்போன் சிக்னல் எட்டாத இடத்தில். அரசாங்கத்தின் தவறை அரசாங்கத்துக்கே எடுத்துச் சொல்லிவிட்டு, அதையே தானும் செய்திருந்தாள்: ஆள் இல்லாத நேரத்தில் ஆள் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மதியம் காசிமேட்டில் படகு உரிமையாளர்களின் வயர்லெஸ் அறைக்குள் நுழைந்தாள். அங்கே உட்கார்ந்திருந்தவர் அவள் தாய்மாமன் சுப்புராயன். அவருக்கும் ஒரு படகு உண்டு. தினமும் நான்கு மணிக்குக் கடலில் இருக்கும் படகுகள் கரையோடு பேசும்: மீன் விலை, காற்று, யார் வீட்டில் குழந்தை பிறந்தது. ஒருவர் பேசினால் கடல் முழுக்கக் கேட்கும். ரகசியம் என்பதே கிடையாது.

“மாமா, நாலு மணிக்கு மைக்கை என்கிட்ட குடு.”

“இன்னா ஜெயா, சினிமாப் பாட்டு பாடப் போறியா?”

“முப்பது பேர் வேணும் மாமா. இல்லன்னா சென்டரை மூடிடுவாங்க.”

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். அவள் பொத்தானை அழுத்தினாள்.

“எல்லா போட்டுக்கும். நான் ஜெயஸ்ரீ பேசறேன். பதினேழாம் தேதியில இருந்து டீசல் எஞ்சின் கிளாசு. சென்டர்ல எஞ்சின் கீது, டீசல்தான் இல்ல. தடை முடியறதுக்குள்ள சர்ட்டிபிகேட்டு. போன வருசம் அப்ளிகேசன் பாரம் குட்த்தவங்க பேரை மட்டும் சொன்னா போதும். ஓவர்.”

பெட்டி கரகரத்தது. பிறகு ஓர் இளம் குரல். திலீப், மணி என்பவரின் படகில் வேலை செய்பவன்.

“யக்கா, கரையில ஆள் புட்ச்சது பத்தலன்னு கடலுக்கே வந்துட்டியா? ஓவர்.”

“வலை வுடுது மாமு, மாட்டிக்காத!” என்றது இன்னொரு படகு.

மூன்றாவது குரல் கனமாக வந்தது. மணி. படகை ஓட்டுபவரை அங்கே டிரைவர் என்பார்கள். கடலில் டிரைவர் வார்த்தைக்கு மேல் வார்த்தை கிடையாது.

“ஜெயா, வெளாட்டு இல்ல. நீ பசங்களுக்கு சர்ட்டிபிகேட் குட்த்து எண்ணூருக்கு அனுப்பிட்டினா, அப்பால என் போட்டுல யாரு ஏறுவா? நீயா வலை இழுப்ப? பேரும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. ஓவர்.”

அதோடு கடல் வாயை மூடிக்கொண்டது. நான்கு பத்து. ஒரு பெயரும் இல்லை. சுப்புராயன் தலையைச் சொறிந்தார். படகு உரிமையாளராக அவர் மணி பக்கம், மாமனாக இந்தப் பக்கம். இரண்டுக்கும் நடுவில் நின்று மின்விசிறியைப் பார்த்தார்.

ஜெயஸ்ரீ மறுபடி அழுத்தினாள். “மணிண்ணே, மாசி மாசம் நடுக்கடல்ல உங்க எஞ்சின் நின்னுச்சே, யாரு ஓட வெச்சது? ஓவர்.”

நீண்ட கரகரப்பு. “திலீப்பு.”

“எவ்ளோ நேரம் ஆச்சு? ஓவர்.”

“ஒம்போது மணி நேரம்.”

“அவன் மொறையா கத்துகினு இருந்தா ஒரு மணி நேரத்துல முடிச்சிருப்பானா இல்லையா? ஓவர்.”

மணி பதில் சொல்வதற்குள் வேறொரு டிரைவர் குறுக்கே புகுந்தார். “டேய் மணி! எஞ்சின் நின்னுச்சா? எங்கிட்ட வலை சிக்கிகிச்சுன்னு சொன்னியே! ஒம்போது மணி நேரம் வலை சிக்குமாடா?”

கடல் மொத்தமும் சிரித்தது. அந்தச் சிறிய பெட்டிக்குள் இருபது படகுகளின் சிரிப்பு. சுப்புராயன் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். இப்போது எந்தப் பக்கம் என்று அவருக்கே தெரியவில்லை.

“போதும், நிறுத்துங்கடா,” என்றார் மணி. “ஜெயா, திலீப்பு பேரை எய்து. கத்துகினு வந்து மொதல்ல என் எஞ்சினைத்தான் பாக்கணும், சொல்லிட்டேன். ஓவர்.”

அப்புறம் மடை திறந்தது. பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. அவள் எழுத எழுத, சுப்புராயன் “மெதுவா சொல்லுங்கப்பா, புள்ளைக்கு ரெண்டு கைதான் கீது” என்று கத்தினார். இருட்டுவதற்குள் பதினெட்டு. வெள்ளிக்கிழமை காலை இருபத்தேழு. அங்கே நின்றது. மீதிப் படகுகள் வடக்கே வெகுதூரம். கரை வயர்லெஸ் எட்டாது. நான்கு மணிக்குத் திலீப் வழி சொன்னான்: அவன் படகு அடுத்த படகுக்குச் சொல்லும், அது அதற்கடுத்ததற்கு. நான்கு இருபதுக்கு அனுப்பினார்கள். நான்கு முப்பத்தெட்டுக்குப் பதில், நான்கு படகு தாண்டி வந்து சேர்ந்தது: பதினான்கு பேர்.

“நாப்பத்தொண்ணு!” என்று அவள் போட்ட கூச்சலில் ஐஸ் வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார்.

பதினேழாம் தேதி காலை ஒன்பது மணிக்கு ஷெர்லினின் கார் வந்தது. மையத்தில் இருந்தவர்கள் ஆறு பேர்.

“மீதி?” என்றார் ஷெர்லின்.

“வருவாங்க மேடம்.” ஜெயஸ்ரீயின் குரல் அவளுக்கே நம்பிக்கை தரவில்லை. ஒன்பது பத்து. ஒன்பது பதினைந்து. ஷெர்லின் எஞ்சினின் பிளாஸ்டிக் உறையைத் தொட்டுப் பார்த்தார், லாரிக்கு அளவெடுப்பவர் போல.

ஒன்பது இருபதுக்குத் தெருமுனையில் சத்தம். இரண்டு லோடு ஆட்டோ, பின்னால் நடந்தும் ஓடியும் ஒரு கூட்டம். முன்னால் திலீப், தோளில் டீசல் கேன், கையில் ஸ்பேனர் பை.

“எங்கடா போனீங்க?” என்று கத்தினாள்.

“சென்டர்ல எஞ்சின் கீது, டீசல் இல்லன்னு நீதானேக்கா சொன்ன? மணிண்ணன் கேன் குட்த்துச்சு. அத்த வாங்கிகினு வர்றோம்.”

முதல் பத்து நாள் கரும்பலகைப் பாடம் மட்டும்தான் என்று பயிற்றுநர் சொல்லி முடிப்பதற்குள் உறை கிழிந்தது. எட்டுக் கைகள் குழாயை மாட்டின, நான்கு பேர் எட்டுவிதமாக யோசனை சொன்னார்கள், ஒருவன் எல்லோரையும் திட்டினான். முதல் முறை இருமியது. இரண்டாவது முறை புகை. மூன்றாவது முறை, ஒரு வருடம் வாய் திறக்காத அந்த எஞ்சின் கட்டடமே அதிர ஓட ஆரம்பித்தது. பையன்கள் கோல் போட்ட மாதிரி குதித்தார்கள். பயிற்றுநரும் குதித்தார்.

ஷெர்லின் தொடக்க உரை எழுதிக் கொண்டுவந்திருந்தார். இரண்டு வரி வாசித்துப் பார்த்தார். உதடு அசைவது மட்டும் தெரிந்தது. தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, தலைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்து, ஜெயஸ்ரீ நீட்டிய வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்.

“முப்பது நாற்காலிதானே இருக்கு?” என்று அவள் காதில் கத்தினார். “மிச்சம் பதினோரு பேர் எங்கே உட்காருவாங்க?”

ஜெயஸ்ரீ திரும்பிப் பார்த்தாள். முப்பது நாற்காலிகளும் காலியாக இருந்தன. நாற்பத்தொரு பேரும் எஞ்சினைச் சுற்றி நின்றிருந்தார்கள்.