பேர்பெச்சுவா கட்டிய சிவப்புப் புழு

பேர்பெச்சுவா மீன் சாப்பிடுவதில்லை என்பது ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் அப்போது இருந்த தமிழ் வீடுகள் எல்லாவற்றுக்கும் தெரியும். யாழ்ப்பாணத்துக் கரையில், பாசையூரில் பிறந்து, கடற்தொழில் செய்தவரைக் கட்டிய பெண் மீன் தொடமாட்டாள் என்றால் முதலில் கேட்பவர்கள் சிரிப்பார்கள். காரணம் தெரிந்ததும் கதையை மாற்றிவிடுவார்கள். கொண்டாட்டங்களில் அவருக்கென்று பருப்பும் கத்தரிக்காய்ப் பிரட்டலும் தனியாக எடுத்து வைப்பார்கள்.

எண்பத்தைந்தாம் ஆண்டு அவருடைய கணவர் யோசப் தொழிலுக்குப் போனவர் திரும்பவில்லை. சில நாள் கழித்து வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது. வலை நனையாமல் உள்ளே கிடந்தது. நேவிக்காரர் சுட்டுக் கடலில் போட்டுவிட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள். பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், தெற்கே ஒரு முகாமில் கண்டவர்கள் இருக்கிறார்கள் என்று வேறு சிலர் சொன்னார்கள். பேர்பெச்சுவா இரண்டாவது கதையைப் பிடித்துக்கொண்டார். அந்தோனியார் கோயிலில் முழந்தாளில் நின்று, மனிசன் வீடு வந்து சேரும்வரை மீன் வாயில் வைப்பதில்லை என்று நேர்த்தி வைத்தார். அந்த நேர்த்தியோடுதான் கிழக்கு பேர்லின் வழியாக ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தார்.

அவரை அங்கே கூப்பிட்டவன் யோசப்பின் தம்பி மரியதாசன். ஓர் இத்தாலியன் சாப்பாட்டுக் கடையில் சாப்பாட்டுக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். அவனும் மனைவி சந்திரகாந்தியும் ஓர் அறையில். பேர்பெச்சுவா மற்ற அறையில். சந்திரகாந்தி சங்குவேலிச் சைவப் பிள்ளை. மரியதாசனைக் காதலித்துக் கட்டிய பிறகுதான் மீன் வெட்டப் பழகியவள்.

பேர்பெச்சுவாவுக்கு வேலை அனுமதி இல்லை. கை சும்மா இருப்பது அவருக்கு நோய் பிடித்தது போல. அடுப்பு மூன்று தரம் துடைபடும். மரியதாசனின் சேட்டுகள் கிழியாமலே தைபடும். உடுப்புத் தோய்க்கும் மெஷின் இருந்த நிலக்கீழ் அறையில்தான் அவர் ஓபர்மானைக் கண்டது.

ஓபர்மான் கீழ்த்தளத்துக்காரர். தொங்கு ரயில் பட்டறையில் வேலை செய்து, கைநடுக்கம் வந்து, வயது வரமுன் ஓய்வில் அனுப்பப்பட்டவர். மனைவி இல்லை. உயிரோடு இருக்கிறாள், வேறொருவனுடன் இருக்கிறாள் என்று அவரே சொல்வார். தோய்ப்பறை மூலையில் மேசை போட்டு, தூண்டில் முள்ளில் செயற்கைப் பூச்சி கட்டுவதுதான் அவருடைய பொழுது. அன்று வெல்வெட்டுப் போன்ற சிவப்பு நூல் துண்டொன்றை முள்ளில் வைத்துக் கட்ட, கை நடுங்கி நூல் நழுவிக்கொண்டே இருந்தது. அவர் வாய்க்குள் திட்டினார். பேர்பெச்சுவா சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, கேட்காமலே முள்ளை வாங்கினார்.

நடுவில் இறுக்கிச் சுற்றி, இரண்டு பக்கமும் வால் தொங்கவிட்டு, நுனி பிரியாமல் லைட்டரில் சுட்டார். நைலோன் கயிற்றின் நுனியைச் சுட்டு வளர்ந்தவருக்கு அது ஒரு வேலையே அல்ல. ஓபர்மான் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்ன சொல்லுறார்?" என்று, உடுப்புக்கூடையோடு வந்த சந்திரகாந்தியிடம் கேட்டார் பேர்பெச்சுவா.

"இது பூச்சியாம் அக்கா."

"இதோ? இது புழு. கண் தெரியாதோ இந்தாளுக்கு?"

சந்திரகாந்தி மொழிபெயர்த்தாள். ஓபர்மான் மேசையில் தட்டிச் சிரித்தார். அவருடைய தூண்டில் சங்கத்துக்காரர்களும் அதையேதான் சொல்கிறார்களாம். பூச்சித் தூண்டில் பிடிக்கிறவன் புழு கட்டலாமோ, வெட்கமில்லையோ என்று. மழைக்காலத்தில் கரை இடிந்து புழு தண்ணீரில் விழுகிறது. மீன் அதைத் தின்கிறது. நான் வேறு என்னத்தைக் கட்ட, என்றார் அவர்.

அதற்குப் பிறகு புழுக்கள் எல்லாம் பேர்பெச்சுவாவின் கையால்தான். சிவப்பு, மண்ணிறம், அழுக்கு ரோசா. ஓபர்மான் தகரப் பெட்டியில் வரிசையாகக் குத்தி வைப்பார். பேர்பெச்சுவா ஒரு நாளும், இதில் மீன் கடித்ததா என்று கேட்கவில்லை. கட்டுவதோடு அவருடைய வேலை முடிந்தது.

இந்த நாட்டுக்கு வந்து இரண்டாவது ஒக்டோபர் முடியப்போன நேரம் வீட்டில் பழைய சண்டை திரும்பவும் தொடங்கியது. நவம்பர் இரண்டாம் திகதி ஆத்துமாக்கள் திருநாள். பான் நகரில் படிக்க வந்திருந்த ஒரு தமிழ்க் கத்தோலிக்கச் சுவாமியார் அன்று வுப்பர்டாலுக்கு வந்து, இறந்தவர்களுக்காகப் பூசை வைப்பதாக இருந்தது.

"அண்ணி, இந்த முறை அண்ணைக்கும் ஒரு பூசை ஒப்புக்குடுப்பம்," என்றான் மரியதாசன், சப்பாத்தைக் கழற்றியபடியே.

"உயிரோடை இருக்கிறவருக்கு ஏன் செத்தவீட்டுப் பூசை?"

"ஆர் கண்டது உயிரோடை?"

"ஆர் கண்டது செத்தது? நீ கண்டனியோ?"

"அம்மா அங்கை அழுதுகொண்டிருக்கிறா. எனக்கும் அழவேணும் அண்ணி. நீங்கள் விடுறியளில்லை. என்ரை அண்ணனுக்காக என்னாலை ஒரு மெழுகுதிரி கொளுத்த ஏலாமல் கிடக்கு."

"கொளுத்து. ஆர் மறிச்சது? என்ரை பேரைச் சேர்க்காதை."

அண்ணனின் மனைவி சம்மதிக்காமல் பூசை கேட்க மரியதாசனுக்கு மனம் வராது என்பது பேர்பெச்சுவாவுக்குத் தெரியும். அவன் சப்பாத்துகளைச் சுவரோடு ஒட்டி நேராக வைத்துவிட்டு உள்ளே போனான். சந்திரகாந்தி சாப்பாட்டைச் சூடாக்கினாள். எவரும் சாப்பிடவில்லை.

அந்தக் கிழமை விடாமல் மழை பெய்தது. வானம் வெளித்த அன்று காலை ஓபர்மான் கதவைத் தட்டினார். தண்ணீர் நிறம் மாறியிருக்கிறது, இதுதான் புழுவுக்கான நாள். கட்டியவர் ஒருதரமாவது வந்து பார்க்க வேண்டும் என்றார். வீட்டில் இருந்தால் மரியதாசனின் முகத்தைப் பார்க்க வேண்டும். பேர்பெச்சுவா கோட்டை எடுத்தார்.

"தனியப் போகாதேங்கோ. சனம் கதைக்கும்," என்று சந்திரகாந்தியும் புறப்பட்டாள்.

"எந்தச் சனம்? இந்த மலையிலை எங்களைவிட்டால் ஆர் தமிழ்?"

"நான் கதைப்பன்."

பஸ் போய் நின்ற இடத்திலிருந்து சேற்றுப் பாதையால் நடந்தார்கள். ஓடை தேத்தண்ணி நிறத்தில் ஓடியது. மஞ்சள் இலைகள் சுழன்று போயின. நகரத்துக்குள் நாறிக்கொண்டு ஓடும் ஆற்றுக்கு இங்கே இருந்தும் தண்ணீர் போகிறது என்றால் நம்ப முடியாது. ஓபர்மான் முழங்கால்வரை தண்ணீரில் இறங்கி நீண்ட தடியை வீசினார். நடுங்கும் கை, தடியைப் பிடித்ததும் கொஞ்சம் அடங்கியது போலிருந்தது. சிவப்புப் புழு மேலே ஒருதரம் பறந்து, விழுந்து, நீரோடு உருண்டு போனது.

"இதென்ன, கயிறடிச்சு விளையாடுறாரோ?" என்றாள் சந்திரகாந்தி.

"பேசாமல் நில். பிடிச்சிட்டுது."

தடி வளைவதற்கு முன்பே பேர்பெச்சுவாவின் உடம்பு முன்னே சாய்ந்துவிட்டது. ஏஷ என்று ஜெர்மன்காரர் சொல்லும் மீன் அது. முதுகில் பாய் விரித்தது போலப் பெரிய செட்டை. ஓபர்மான் அதைக் கரைக்குக் கொண்டுவந்து, தலையில் ஒரு அடி அடித்து, கல்லில் வைத்தார். பின் கத்தியை எடுத்து வயிற்றைக் கீறினார். இரைப்பையைப் பிரித்து, கத்தி நுனியால் உள்ளே இருந்ததைக் கல்லில் பரப்பினார். மீன் அன்று என்ன தின்கிறது என்று அறிய அவர் எப்போதும் செய்வது அது. உள்ளே பாதி கரைந்த மண்புழுக்கள்.

"உங்கடை புழு சரியாம் அக்கா. இஞ்சை பாருங்கோ, அச்சொட்டா அதே நிறம்."

திரும்பிப் பார்த்தபோது பேர்பெச்சுவா அங்கே இல்லை. சற்றுத் தள்ளி ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு ஓங்காளித்துச் சத்தி எடுத்துக்கொண்டிருந்தார். சந்திரகாந்தி ஓடிப்போய் முதுகைத் தடவினாள்.

"என்னக்கா, மணம் ஒத்துக்கொள்ளேல்லையோ?"

"மீன் மணம் எனக்கு ஒத்துக்கொள்ளாதோ?" வாயைத் துடைத்தார். "வள்ளம் ஒதுங்கின மாசம் எங்கடை சந்தையிலை ஒருத்தி பெரிய மீனொண்டை வெட்டினவளாம். வயித்துக்கை ஒரு சட்டைப் பொத்தான் இருந்ததாம். உண்மையோ பொய்யோ தெரியாது. அதுக்குப் பிறகு எங்கடை தெருவிலை ஒருத்தரும் மீன் வாங்கேல்லை."

ஓபர்மான் கத்தியோடு, என்ன பிழை செய்தேன் என்று விளங்காமல் நின்றார். பேர்பெச்சுவா அவரிடம் திரும்பிப் போனார். அவர் மன்னிப்புக் கேட்பதற்குள், தண்ணீரைக் காட்டி, இன்னொன்று பிடி என்று கையால் சொன்னார்.

இரண்டாவது மீன் அகப்பட நேரமெடுத்தது. இந்த முறை கத்தியைப் பேர்பெச்சுவாவே வாங்கினார். வயிற்றைத் திறந்து, இரைப்பையைப் பிரித்து, விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். புழு. மண். ஒரு சின்னக் கல். வேறொன்றும் இல்லை. இருந்தும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஓடையில் கை கழுவினார்.

பஸ்ஸில் மீன் இரண்டும் பையில் பேர்பெச்சுவாவின் மடியில் இருந்தன. இறங்க எழும்பும்போது சொன்னார்:

"காந்தி, பிடிச்சு மறியலிலை வைச்சிருக்கிற மனிசனை மீன் தின்னுமோடி?"

"என்னக்கா கதை இது?"

"நேர்த்தி எண்டு எல்லாருக்கும் சொன்னன். அவருக்காகத்தான் தின்னேல்லை எண்டு நானும் நினைச்சன். பொய். மீன்ரை வயித்தைப் பாக்கப் பயந்துதானே தின்னேல்லை. அப்ப அவர் எங்கை கிடக்கிறார் எண்டு எனக்குத் தெரிஞ்சுதானே இருந்திருக்கு. அண்டு தொடக்கம் தெரிஞ்சிருக்கு."

சந்திரகாந்தி அவருடைய கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் பேர்பெச்சுவா தானே சமைத்தார். பழப்புளி கரைத்து, தூள் போட்டு, வெந்தயம் கொஞ்சம் கூடவே விட்டுக் குழம்பு வைத்தார். பின்னேரம் வேலை முடிந்து வந்த மரியதாசன் படியிலேயே மணத்தைப் பிடித்து, "ஆர் வந்திருக்கினம்?" என்று கேட்டபடி நுழைந்தான். மேசையில் மூன்று சோற்றுக் கோப்பைகள். மூன்றிலும் மீன் இருந்தது.

அவன் அண்ணியின் கோப்பையைப் பார்த்தான். அவர் முகத்தைப் பார்த்தான். கையில் இருந்த பையைக் கீழே வைக்க மறந்து நின்றான்.

"இரு. ஆறப்போகுது," என்றார் பேர்பெச்சுவா.

அவர் முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து, வாயில் வைத்தார். மென்று விழுங்க நேரமெடுத்தது. மரியதாசன் கதிரையில் உட்கார்ந்து, மேசையில் தலையைக் கவிழ்த்து, "அண்ணை, அண்ணை" என்று சத்தமாக அழுதான். அவனை எவரும் தடுக்கவில்லை. பேர்பெச்சுவா அழவில்லை. கோப்பையில் இருந்ததைத் தின்று முடித்தார்.

"ஆத்து மீன். உப்பேறேல்லை," என்றார். எழும்பிக் கோப்பையைக் கழுவினார். "சுவாமியாருக்கு ரெலிபோன் அடிச்சுப் பூசைக்குச் சொல்லு."

தெருமுனை ரெலிபோன் கூண்டுக்குள் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். சுவாமியார் பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார். பிறகு, இறந்த நாள் என்னவென்று கேட்டார். மரியதாசன் வாய் திறக்காமல் ரிசீவரை அண்ணியிடம் நீட்டினான்.

"சுவாமி, அது எனக்குத் தெரியாது," என்றார் பேர்பெச்சுவா. "வீட்டிலையிருந்து வெளிக்கிட்ட நாள்தான் தெரியும். அது ஒரு வியாழக்கிழமை."

"வெள்ளி அண்ணி," என்றான் மரியதாசன். "நான்தானே எண்ணெய்க் கலன் தூக்கிக்கொண்டு போனனான்."

"வியாழன். வெள்ளிக்கிழமை எண்டால் பூசைக்குப் போகாமல் கடலுக்குப் போறாயோ எண்டு மாமி கத்தியிருப்பா. கத்தேல்லை."

"கத்தினவ."

"அது அதுக்கு முந்தின கிழமை."

காசு விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மற்றப் பக்கத்தில் சுவாமியார் பொறுத்திருந்தார். சந்திரகாந்தி கூண்டின் கதவைக் காலால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தன் சட்டைப் பையில் இன்னும் சில்லறை இருக்கிறதா என்று தேடினாள்.